வேண்டாம் என்றாவது சொல்லித் தொலையுங்கள்

இண்டர்வியூவுக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்த பையனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டதாக, கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ஒரு எச்.ஆர். அண்ணன் பெருமையாகப் போட்ட பதிவை நேற்று முழுக்க எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்தீர்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லையாம்". சரி, மரியாதையைப் பற்றியே பேசுவோம்.

போன வருடம் பினாங்குத் தீவில் ஒரு கம்பெனி என்னை நான்கு சுற்று இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. முதல் சுற்றில் மனிதரே இல்லை, கேமராவைப் பார்த்து நானே பேச வேண்டும், கேள்விக்குத் தொண்ணூறு வினாடி. மற்ற மூன்றுக்கும் லீவு போட்டுவிட்டு, இக்கரையிலிருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து தீவிலிருக்கும் பாயான் லெப்பாஸுக்கு மோட்டாரில் போனேன். (2019 முதல் பாலத்தில் மோட்டாருக்கு டோல் இல்லை, அந்தக் காசாவது மிச்சம்.) நடுவில் "சின்ன வேலை" ஒன்று கொடுத்தார்கள், கிடங்குச் சரக்குக் கணக்கைச் சீர்படுத்தும் திட்டம். மூன்று இரவு தூங்காமல் செய்து அனுப்பினேன். என் பே ஸ்லிப்பையும் வாங்கிக்கொண்டார்கள், அவர்கள் தரும் சம்பளத்தை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்று கை குலுக்கினார்கள். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வந்தது.

ஒரு வரி. "உங்களை எடுக்கவில்லை." அவ்வளவுதான் கேட்கிறேன்.

நூற்றுக்கணக்கில் மனு வருகிறது, எல்லாருக்கும் பதில் போட முடியுமா என்பீர்கள். எல்லாருக்கும் யார் கேட்டது? நான்காம் சுற்றுவரை வந்தவர்களுக்குப் போடுங்கள். ஆஃபரை வாங்கிக்கொண்டு முதல் நாளே வராமல் போகிறவர்களும் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள், தப்புதான். அதற்கு நான் என்ன செய்ய?

சட்டத்துக்குப் போகலாம் என்றால், 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தத்தில் பாகுபாட்டுப் புகாருக்கு இடம் இருக்கிறது, ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையில். வேலை கேட்டு நிற்கிறவன் தொழிலாளியே இல்லையே! ஏன் பாகுபாடு என்கிறேன் தெரியுமா? விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லாமல், மூன்றாம் சுற்றில் வந்து "மெண்டரின் பேசுவீங்களா?" என்று கேட்டார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் எழுதப் பேசத் தெரிந்தவன் நான், சீனம் தெரியாமல் அன்றைக்கு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதலிலேயே போட்டிருந்தால் மனுவே போட்டிருக்க மாட்டேன், லீவும் மிஞ்சியிருக்கும்.

இண்டர்வியூவுக்குப் போட்டுப்போன நீலச் சட்டையை அம்மா இஸ்திரி போட்டு ஒரு மாதம் கதவிலேயே மாட்டி வைத்திருந்தார், எப்போது கூப்பிடுவார்களோ என்று. பிறகு நானே எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். கமெண்டில் வந்து "பாசிட்டிவ்வா இருங்க தம்பி" என்று சொல்கிறவர்களை பிளாக் செய்வேன், இப்போதே சொல்லிவிட்டேன்.