நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், டாக்டர்

பேச்சு வராதவருக்குப் புத்தியும் இல்லை என்று நம் மருத்துவமனைகளில் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. ஆனால் புற நோயாளிகள் பிரிவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும், கேள்வியெல்லாம் கூட வந்தவரிடமே போவது தெரியும்.

என் சித்தப்பா காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் பலருக்கு இப்படி ஆகும், இந்தப் பேச்சிழப்பை அஃபேசியா என்பார்கள். சிலருக்குப் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் சிரமமாகலாம், ஆனால் அதனால் அறிவு போய்விட்டது என்று அர்த்தமில்லை. சித்தப்பாவுக்கு எல்லாம் புரியும், சொல்தான் வாய்க்கு வராது. சித்தப்பாவுக்கு மிஞ்சியது ஒரே சொல், "நாளைக்கு". பசித்தாலும் நாளைக்கு, கோபம் வந்தாலும் நாளைக்கு.

வட சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துப் போயிருந்தோம். "சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா?" என்று டாக்டர் சித்தியிடம் கேட்டார். சித்தப்பா இடது கையால் அடிவயிற்றைத் தட்டித் தட்டி "நாளைக்கு, நாளைக்கு" என்றார். ஆமாவா இல்லையா என்று அதட்டியதும் தலையை இல்லை என்று ஆட்டினார். அஃபேசியா உள்ளவர்களில் சிலருக்கு ஆமாவும் இல்லையும்கூட இடம் மாறி வரும் என்பது அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று சீட்டில் எழுதினார்கள். வெளியே வந்தபோது ஓர் இளம் நர்ஸ், அந்தச் சீட்டின் பின்புறத்தில் மனித உருவம் ஒன்றைக் கோடாக வரைந்து பேனாவைச் சித்தப்பா கையில் கொடுத்தார். தொப்புளுக்குக் கீழே அழுத்தமாக ஒரு வட்டம் போட்டார் சித்தப்பா. சிறுநீர்த் தொற்று. எத்தனை நாள் அந்த எரிச்சலோடு இருந்தாரோ!

நம் அரசு மருத்துவர்களின் தலையில் இருக்கும் சுமை எனக்குத் தெரியும். அந்த வரிசையைப் பார்க்கும் எவருக்கும் அது தெரியும். ஆனாலும் நேரமில்லை என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. வலி எங்கே என்று தெரியாமல் எழுதிய மருந்து, அதே நோயாளியை அடுத்த வாரம் அதே வரிசையில்தான் கொண்டுவந்து நிறுத்தும். கனடாவின் கியூபெக் மாகாண மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. தகவல் சொல்லவும் புரிந்துகொள்ளவும் சிரமப்படும் நோயாளிகளுக்கு, தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்பு நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்றது அது.

சட்டத்தில் குறையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் ஒன்று. அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகல் வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை வேண்டும் என்கிறது 25-ஆவது பிரிவு. தடையற்ற அணுகல் என்றதும் சாய்தளம் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சாய்தளம் வேண்டியதுதான். அதில் ஏறி உள்ளே போனவர் தன் நோயைச் சொல்ல என்ன வழி?

டோக்கன் எண்ணைக் குரல் கொடுத்துக் கூப்பிடும் இடத்தில் காது கேளாதவர் என்ன செய்வார்? பெரம்பூர்ப் பக்கம் மில் தறிகளின் இரைச்சலில் ஆயுளைக் கழித்த பெரியவர்கள் எத்தனை பேர் முறை தவறி உட்கார்ந்திருக்கிறார்கள்! முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசினால் உதட்டசைவும் தெரியாது. எழுதிக் காட்டலாமே என்பீர்கள். பிறவியிலேயே கேளாமல் சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் சரளமாக வராது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. காது கேளாத பெண் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போகிறாள். மாதவிடாய், தாம்பத்தியம், கருத்தடை எல்லாம் மாமியார் வழியாகக் கேட்கப்படுகின்றன, மாமியார் வழியாகவே பதிலும் வருகிறது. அந்தப் பெண் உண்மையில் என்ன சொல்லியிருப்பாள்? அறுவை சிகிச்சை என்றால் கையெழுத்தை மட்டும் அவளிடம் வாங்குவார்கள். அதைச் சம்மதம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சைகை மொழிபெயர்ப்பாளரை வீடியோ அழைப்பிலாவது வரவழைக்க வேண்டும். கைப்பேசி இல்லாத மருத்துவர் யார்?

இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 2016 ஆகஸ்ட் முதல் ஒரு விதி இருக்கிறது. உங்களிடம் எப்படித் தகவல் சொல்ல வேண்டும் என்று நோயாளியிடமே கேட்டு, கோப்பில் பளிச்சென்று குறித்து, அதன்படி நடக்க வேண்டும். நம் ஓ.பி. சீட்டிலும் அப்படி ஒரு கட்டம் போடலாமே. ஒவ்வொரு மேசையிலும் உடல் படமும் வலியைக் காட்டும் முகங்களும் உள்ள அட்டை ஒன்று இருக்கட்டும். லேமினேட் செய்ய என்ன செலவாகிவிடும்? படத்தைத் தொட்டால் பேசும் அவாஸ் செயலி உருவானதே இந்தச் சென்னையில்தான்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் ஒரு தாளில் எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்: "எனக்குக் காது கேட்கும், நீங்கள் சொல்வது புரியும், பேச வராது. ஆமாம் என்றால் கட்டைவிரலை உயர்த்துவேன். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்." சித்தப்பாவுக்காக நான் எழுதிய மாதிரி இருக்கிறது. வேண்டுவோர் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். தெலுங்கிலும் உருதுவிலும் எழுதித் தரக்கூடியவர்கள் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.