செமினார் இருக்கட்டும், முதலில் ஒரு சங்கத்தில் சேருங்கள்

டெல்லித் தமிழ்ப் பிள்ளைகளில் யாராவது மாணவர் எக்ஸ்சேஞ்சில் ஜெர்மனி போவதாக இருந்தால், "அண்ணா, சிவில் சொசைட்டி பத்தி, அதாவது அரசு சாராத மக்கள் அமைப்புகள் பத்தி, அங்க எந்த பேப்பர் எடுக்கலாம்?" என்று எனக்கு மெசேஜ் வந்துவிடும். ஃப்ரைபர்க்கில் ஒரு செமஸ்டர் இருந்துவிட்டு வந்ததால் கிடைத்த மரியாதை இது. எந்த பேப்பரையும் எடுங்கள், பெரிய வித்தியாசம் இல்லை. போன முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு உள்ளூர்ச் சங்கத்தில் சந்தா கட்டி உறுப்பினர் ஆகிவிடுங்கள், மாணவர்களுக்குச் சந்தா குறைவுதான். சைக்கிள் ரிப்பேரோ செஸ்ஸோ கூட்டுப்பாட்டோ, எதுவானாலும் சரி.

பல்கலைக்கழகம் உங்களை அழைத்துப் போய்க் காட்டுவது வேறு. பெரிய தொண்டு நிறுவனத்தின் அலுவலகம், காபி, பிஸ்கட், ஆங்கிலத்தில் பவர்பாயிண்ட், கடைசியில் குரூப் போட்டோ. ஃப்ரைபர்க் பக்கம் போனால் வீல் கிராமத்துக் கதையை நிச்சயம் சொல்வார்கள். 1975-ல் திராட்சை விவசாயிகளும் மாணவர்களும் அணுமின் நிலையம் வரவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, கடைசிவரை அது கட்டப்படாமலே போன கதை. கேட்கச் சிலிர்ப்பாகத்தான் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு சோறு யார் கொண்டுவந்தது, இரவு முறை யாருக்கு என்று யார் எழுதி வைத்தது, காசு யார் கையில் இருந்தது? எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. அந்தப் பழக்கமெல்லாம் போராட்டத்தின்போது திடீரென்று வருவதில்லை.

எங்கிருந்து வருகிறது என்பதை நான் பார்த்தது ஒரு சைக்கிள் பட்டறைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில். பின்கட்டு அறை, கிரீஸ் வாசனை, ஆளுக்கொரு பீர். பொருளாளர் எழுந்து வருடக் கணக்கை வரிவரியாக வாசிக்கிறார், காபித்தூள், டியூப், பசை, மின்கட்டணம் என்று. அடுத்து, நிர்வாகத்தில் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் எழுந்து, ரசீதுகளை எல்லாம் சரிபார்த்தோம், ஒன்று மட்டும் இல்லை என்கிறார்கள். அந்த ஒரு ரசீதுக்காக நீண்ட நேரம் பேச்சு! அப்புறம், போன வருட நடவடிக்கைகளை ஏற்றுக்கொண்டு நிர்வாகக் குழுவை அதற்கான பொறுப்பிலிருந்து விடுவிக்கலாமா என்று ஓட்டெடுப்பு. அதில் குழுவில் இருப்பவர்கள் கை தூக்கக் கூடாது. காற்றடிக்கும் பம்பு புதிதாக வாங்கலாமா என்பதற்கு இன்னொரு ஓட்டு. பேராசிரியருக்கும் ஒரு கைதான், பட்டறையில் வேலை கற்கும் பையனுக்கும் ஒரு கைதான். செம போர், ஜெர்மானியர்களே இந்தச் சங்கப் பைத்தியத்தைக் கேலி செய்வார்கள். ஆனால் அந்த நாட்டின் தீயணைப்பே பெரும்பாலும் இப்படிச் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்களை வைத்துத்தான் நடக்கிறது. சம்பளம் வாங்கும் தீயணைப்புப் படை நூற்றுச் சொச்சம் பெரிய நகரங்களில்தான் உண்டு, மற்ற ஊர்களிலெல்லாம் ஊர்க்காரர்களே வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து வண்டி ஏறுகிறார்கள்.

உடனே "அவன் நாடு அப்படி, நம்ம நாடு இப்படி" என்று கமெண்டில் கிளம்பிவிடாதீர்கள். அங்கே சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும், 1900-ல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம் அப்படிச் சொல்கிறது. டெல்லியிலும் ஏழு பேர்தான், நம்முடையது 1860-ஆம் வருடச் சட்டம், அவர்களுக்கும் முந்தியது. அப்புறம் சங்கம் என்றாலே நல்லது என்றும் இல்லை. 1933-ல் ஹிட்லர் வந்ததும் யூத உறுப்பினர்களை வெளியே தள்ளிய ஜெர்மன் சங்கங்கள் எத்தனையோ. 2014-ல் டிரெஸ்டனில் கிளம்பிய, குடியேறிகளுக்கு எதிரான பெகிடாவும் முறைப்படி பதிவு செய்த சங்கம்தான். ரசீதெல்லாம் பக்காவாக வைத்திருப்பார்கள், சந்தேகமே இல்லை.

கணக்கை ஊர்முன் வாசிப்பது நமக்குத் தெரியாத வித்தையா என்ன? 1994-ல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு செய்ததே அதுதானே. பஞ்சாயத்து வேலையின் மஸ்டர் ரோலை, அதாவது கூலிப் பதிவேட்டை, மக்கள் கூடிய இடத்தில் சத்தமாக வாசித்தார்கள், ஒவ்வொரு பேராக, இந்த ஆளுக்கு இவ்வளவு கூலி கொடுத்ததாக எழுதியிருக்கிறது, கொடுத்தார்களா? என்று. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்தக் கூட்டங்கள் ஒரு பெரிய காரணம். ஆனால் இதே டெல்லியில் எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தில் கணக்கு வாசிப்பதே கிடையாது. வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப், வாட்ச்மேன் கையில் ஒரு நோட்டு, வீடுவீடாகக் கையெழுத்து, கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) நிறைந்துவிட்டது! படித்தவர்கள் வாழும் காலனி என்று பெயர் வேறு.

அங்கிருந்து இங்கே வரும் பிள்ளைகளுக்கும் நாம் ஏசி அறையைத்தான் காட்டுகிறோம். லோதி எஸ்டேட் பக்கம் கூட்டிப் போய் நாலு தொண்டு நிறுவன இயக்குநர்களைச் சந்திக்க வைத்து, மாலையில் தில்லி ஹாட் கைவினைச் சந்தையில் விட்டால் வேலை முடிந்தது. நானாக இருந்தால் நாடாளுமன்றத் தெரு ஸ்டேட் வங்கியிலிருந்து தொடங்குவேன். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) 2020 திருத்தத்துக்குப் பிறகு, நாட்டில் எந்த மூலையில் இருக்கும் தொண்டு நிறுவனமானாலும் வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து விழ வேண்டிய கணக்கு அந்த ஒரே கிளையில்தான். வந்த பணத்தை இன்னொரு சின்ன நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுக்கவும் கூடாது. இந்திய சிவில் சொசைட்டி எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அப்புறம் எங்கள் காலனி நோட்டையும் காட்டலாம், எனக்கு வெட்கமில்லை.

இதற்கெல்லாம் கிரெடிட் உண்டா என்றால் கிடையாது, அதுதான் சிக்கல். கிரெடிட் இல்லாததால் பிள்ளைகள் வார இறுதியானால் பிராக், பாரிஸ் என்று ரயில் ஏறிவிடுகிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. உறுப்பினராக உட்கார்ந்து ஒரு ஆண்டுக் கூட்டத்தைப் பார்த்துக் குறிப்பெழுதினால் ஒரு பேப்பருக்குச் சமம் என்று பல்கலைக்கழகங்கள் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அக்டோபர் செமஸ்டருக்குப் போகிறவர்களுக்கு: ஆண்டுக் கூட்டங்கள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நடக்கும், அதற்குள் டிக்கெட் போட்டுத் திரும்பிவிடாதீர்கள். மாக்ஸ்முல்லர் பவனில் (ஜெர்மன் மொழி மையம்) படித்த ஏ2 என்ற தொடக்க நிலை ஜெர்மன் போதும், கூட்டத்தில் பேசுவது பாதி எண்கள்தான். முடிந்தால் அந்த வருடக் கணக்கின் ஒரு பிரதியை வாங்கி எனக்கு அனுப்புங்கள், எங்கள் காலனி குரூப்பில் போட வேண்டும்.