ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் ஓவியக் கண்காட்சி

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் மடிப்பாக்கத்தில் என் சிநேகிதி வீட்டு வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடி, வாடகை வீடு. உள்ளே அவளுடைய 23 ஓவியங்கள். குடிவந்த அன்றே வீட்டு ஓனர் போட்ட முதல் நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் திரைச்சீலைக் கம்பியில் தூண்டில் நரம்பு கட்டிச் சிலவற்றைத் தொங்கவிட்டோம். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து, மேலே வெள்ளை வேட்டியைப் போர்த்தி, பெரிய படங்கள் நான்கை அதில் நிறுத்தினோம். மூன்று சின்னப் படங்கள் சமையல் மேடைக்குப் போயின. பக்கத்து அடுப்பில் டீ கொதித்துக்கொண்டே இருந்தது.

அவள் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. பெரியமேட்டில் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய இடம் அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி முதல்வராக இருந்த கல்லூரி. அங்கே படித்து முடித்த பிறகு 19 வருடத்தில் அவள் நடத்திய தனிக் கண்காட்சி ஒன்றே ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், நகரத்துக்குள் ஒரு சின்ன கேலரியில். அன்றைக்கு அவள் அம்மா, தெருக்காரர்கள் நாலு பேரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இருந்த செக்யூரிட்டி, “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டிருக்கிறார். மிரட்டலாகக்கூட இல்லை, வழக்கமாகக் கேட்பதுதான். ஆனால் அந்த அம்மாக்களுக்கு யாரைப் பார்க்க வந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. படம் பார்க்க வந்தோம் என்று சொல்லலாம் என்பதே தோன்றவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எதிர்க்கடையில் ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இதை அவளுக்கு அம்மா சொன்னதே ஆறு மாதம் கழித்துத்தான்.

அந்தக் கதவுதான் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன். நம் ஜனங்களுக்கு ஓவியம் புரியாது, ரசனை கிடையாது என்று பேசுவதெல்லாம் எனக்கு ஒப்பாது. கோவில்பட்டி கொண்டையா ராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி எத்தனை வீட்டுக்குப் போயின! வருடம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டிக்கொண்டவர்கள் நம் பாட்டிமார். கேலரி வாசலையே மிதிக்காதவர்கள். நல்ல படத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

வீட்டைத் திறந்துவைத்து ஊரை அழைப்பதும் நமக்குப் புதிதில்லை. நவராத்திரி ஒன்பது நாளும் கொலு வைக்கிற வீடுகளில் அதுதானே நடக்கிறது? யார் வீட்டில் என்ன தீம், யார் இந்த வருடம் புது செட் வாங்கினார்கள் என்று சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு விமர்சனம் செய்கிற ஆட்கள் நாம். (போன வருடம் எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டு கொலுவைப் பற்றி வந்த விமர்சனங்களை எழுதினால் நட்பு முறியும், விடுங்கள்.)

மடிப்பாக்கத்துக்கு இரண்டு நாளில் சுமார் 140 பேர் வந்தார்கள். வாசலில் நோட்டு வைத்திருந்ததால் தெரியும். அவர்களில் அயர்ன் வண்டிக்காரர் ஒருவர். மொட்டைமாடிக் கொடியில் துணி காய்கிற ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். “இது காட்டன் சேலைதானே? காட்டன் இப்படி விழாதும்மா. இது பாலியஸ்டர் விழற மாதிரி இருக்கு” என்றார். என் சிநேகிதிக்கு முகம் சிவந்துவிட்டது. ராத்திரி எல்லோரும் போன பிறகு விளக்கைப் போட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவர் சொல்றது சரிடி” என்றாள். 19 வருடத்தில் அவளுக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். கேலரிக்கு வந்தவர்கள் ‘இன்ட்ரஸ்டிங்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இதில் பெரிய முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கியது. அப்போது அவர் அதே கவின் கலைக் கல்லூரியின் முதல்வர். படித்துவிட்டு வெளியே போகிற பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. அதற்கு அவர்கள் கண்ட வழி ரொம்ப நடைமுறையானது. மெழுகு தடவிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அதில் சேர்ந்த பணத்தில் நிலம் வாங்கி, அங்கேயே வீடு கட்டிக்கொண்டு, கைவினையில் பிழைத்து, மிச்ச நேரத்தில் தங்கள் ஓவியத்தையும் சிற்பத்தையும் செய்தார்கள். வாழ்கிற இடமும் வேலை செய்கிற இடமும் காட்டுகிற இடமும் ஒன்றாகவே இருந்தன. இன்று அங்கே, அந்தக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த ஓவியர், சிற்பிகளின் மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்று ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. மகாபலிபுரம் போகிற வழிதான், இறங்கிப் பாருங்கள்.

சரி, வீட்டுக் கண்காட்சி என்றால் எல்லாமே இனிப்பா? இல்லை. எனக்கு உறுத்தியதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வருகிறவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்க்கிறார். வாடகை எவ்வளவு, தண்ணீர் வருகிறதா, பையன் எந்த ஸ்கூல். அப்புறம் டீ குடித்தாயிற்று, சும்மா போனால் நன்றாக இருக்காது என்று இருப்பதிலேயே சின்னப் படத்தை வாங்குகிறார். இது மொய். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அப்படித்தான் வாங்கினார்கள், முகத்திலேயே தெரிந்தது. அந்தப் படங்கள் இப்போது பரண் மேல் இருக்கும். மொய் எழுதுகிற மாதிரி தயவுசெய்து படம் வாங்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் டீயைக் குடித்துவிட்டு நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள், அதுவே போதும். “ஃப்ரெண்டுதானே, ஒண்ணு சும்மா கொடேன்” என்று கேட்கிற கோஷ்டிக்கு நான் எதுவும் சொல்வதாக இல்லை. கேன்வாஸும் அக்ரிலிக்கும் கடையில் யாரும் அவளுக்குச் சும்மா கொடுக்கவில்லை.

அடுத்தது விலை. முதல் நாள் காலையில் அவள் விலைச்சீட்டு எதுவும் ஒட்டவில்லை. கூச்சம். கேட்பவர்களுக்கு மட்டும் மெதுவாகச் சொன்னாள், அதுவும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் குறைத்து. மத்தியானம் நான் சண்டை போட்டு எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன், 4,500-ல் இருந்து 18,000 வரை. விலை தெரியாத இடத்தில் நம்மால் சகஜமாக நிற்க முடியாது. கேட்டுவிட்டு வாங்காமல் போனால் கேவலம் என்று பயந்து கேட்காமலேயே நகர்ந்துவிடுவோம். கேலரியின் கண்ணாடிக் கதவும் சீட்டில்லாத படமும் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான். சீட்டு ஒட்டிய பிறகுதான் முன்பின் தெரியாதவர்கள் நான்கு பேர் வாங்கினார்கள். அதில் ஒருவர் மூன்று தவணை கேட்டார், கொடுத்தோம்.

வீட்டில்தானே என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும் தப்பு. நாளைக்கு ஒரு கேலரி அதே மாதிரிப் படத்தை முழு விலைக்கு எப்படி விற்கும்? கேலரிக்காரர்களை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கோ, சில இடங்களில் பாதியோ எடுத்துக்கொள்கிறார்கள்தான். ஆனால் வெள்ளைச் சுவர், சரியான விளக்கு, வாங்கும் பழக்கமுள்ளவர்களின் பட்டியல், இதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. எங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி போட்ட படங்களில் வந்தவர்களின் முகம்தான் தெரிந்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பூநாரைகளோடு வரைந்த பெரிய படம், பின்னால் பெருங்குடி குப்பை மேடு புகைகிறது. பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டிய படம் அது. எங்கள் ஹாலில் பத்தடி தள்ளினால் பாத்ரூம் கதவு. அதற்கு ஒரு கேலரிதான் வேண்டும். வாசலில் “உள்ளே வாங்க, சும்மா பார்க்கலாம்” என்று தமிழில் ஒரு போர்டு வைத்த கேலரி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு ஓனரும் வந்தார். முதலில் சுவர்களைத்தான் சுற்றிப் பார்த்தார். ஆணி எதுவும் இல்லை என்று உறுதியானதும் படங்களைப் பார்த்தார். சதுப்பு நிலப் படத்தின் முன்னால் நின்று, சின்ன வயதில் அந்தப் பக்கம் மீன் பிடித்ததைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எதுவும் வாங்கவில்லை. போகும்போது, “அடுத்த தடவை முன்னாடியே சொல்லுங்க, நாலு ஆணி அடிச்சிக்கலாம்” என்றார்.

அந்தக் காட்டன் சேலைப் படத்தை நான் வாங்கிக்கொண்டேன். அவள் திருத்தித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது எங்கள் வீட்டு பீரோவில் சாய்ந்து நிற்கிறது. எங்களுடையதும் வாடகை வீடுதான்.