ரெஸ்ட் எடுக்கச் சொன்ன அண்ணனுக்கு

நேற்று ராத்திரி பழைய அமெரிக்கக் கதைகளைப் பற்றிப் பேசிய ஜூம் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். இல்லாதவர்கள் பாக்கியசாலிகள், ஸ்க்ரீன்ஷாட் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.

ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற மாதிரி கதைக்குக் கதை அர்த்தம் ஒட்டிக்கொண்டே போனார் அண்ணன். 'மஞ்சள் வால்பேப்பர்' கதையில் வரும் சுவர்க்காகிதம் என்றால் ஆணாதிக்கம். எட்கர் ஆலன் போவின் கதையில் கொலையாகும் கிழவரின் கண் என்றால் மனசாட்சி. "மத்தபடி கதை சொல்றவங்களுக்குப் பைத்தியம், அவ்வளவுதான்." உடனே கைதட்டல் எமோஜி மழை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கண்ணுக்கு அர்த்தம் கொடுத்தது யார்? கொலைகாரன்! 1843-இல் வந்த 'டெல்-டேல் ஹார்ட்' கதையில் கிழவர் ஒரு பாவமும் செய்யவில்லை. அவர் பணத்தின் மேல் ஆசையில்லை, அவர்மேல் பிரியம்தான் என்று கொன்றவனே சொல்கிறான். படலம் விழுந்த வெளிறிய நீலக் கண், அவ்வளவுதான். வெறும் புரையாகக்கூட இருக்கலாம். இவன் அதில் பிணந்தின்னிக் கழுகைப் பார்க்கிறான். ராத்திரிதோறும் கொல்லப் போகிறான்; ஏழு ராத்திரி கண் மூடியிருந்ததால் கிழவர் பிழைக்கிறார். எட்டாம் ராத்திரி கண் திறந்திருக்கிறது, செத்தார். ஒரு பொருளைப் பார்த்து 'இதற்கு இதுதான் அர்த்தம்' என்று சத்தியம் பண்ணுவதுதானே அங்கே வியாதியே? லேபிள் ஒட்டும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம்.

இதைச் சொன்னதற்குத்தான் பதில்: "ஓவரா யோசிக்கிறீங்க சிஸ்டர், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

எந்தக் கதையைப் பற்றிய கூட்டத்தில் இதைச் சொல்கிறார் பாருங்கள்! 'மஞ்சள் வால்பேப்பர்' எழுதிய ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்கு 1887-இல் பிலடெல்பியாவில் டாக்டர் வெயர் மிட்செல் எழுதிக்கொடுத்த வைத்தியமே ரெஸ்ட்தான். நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கூடாது, ஆயுசுக்கும் பேனா தொடக்கூடாது. மூன்று மாதம் கீழ்ப்படிந்ததில் புத்தி பேதலிக்கும் விளிம்புக்கே போய்விட்டதாகப் பின்னால் அவரே எழுதினார். 1892-இல் வெளிவந்த கதையை அந்த டாக்டருக்கும் அனுப்பிவைத்தார். பதிலே இல்லை.

கதையைச் சொல்வது, பிள்ளை பெற்றபின் ரெஸ்ட் எடுக்க வைக்கப்பட்ட ஒரு பெண். அவள் புருஷன் ஜானும் டாக்டர். கெட்டவன் இல்லை. செல்லம் கொஞ்சுவான், டானிக் கொடுப்பான், எழுத மட்டும் விடமாட்டான். அவன் காலடிச் சத்தம் கேட்டதும் அவள் காகிதத்தை ஒளித்துவைக்கிறாள். வேறு வேலை எதுவும் இல்லாத மூளை சுவரைப் படிக்க ஆரம்பிக்கிறது. சுவரைச் சுற்றித் தாழ்வாக ஓடும் ஒரு தேய்ந்த கறையை யாரோ விட்டுப்போனது போல நமக்குச் சொல்கிறாள். கடைசியில் அவள் தவழும்போது அவள் தோள் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும் இடம் அது. அண்ணன் அதைத் தொடக்கூட இல்லை.

பையன் பிறந்தபோது என் கையிலிருந்த புத்தகத்தையும் பிடுங்கினார்கள். "பச்ச உடம்பும்மா, கண்ணு கெட்டுப்போயிரும்" என்றார் அத்தை. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை எதிர்த்து என்ன பேச முடியும்? மருந்துச் சீட்டையும் பவுடர் டப்பா லேபிளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். சிரிக்காதீர்கள்.

'அப்போ குறியீடே கிடையாதா' என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இருக்கிறது. யார் கண்ணுக்கு அது குறியீடாகத் தெரிகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள் என்கிறேன். 'எழுதியவர் வாழ்க்கையைக் கதைக்குள் இழுக்கலாமா' என்பவர்களுக்கு: கதைக்குள்ளேயே டாக்டர் வெயர் மிட்செலின் பெயர் இருக்கிறது சார். 'ஆண்களையே குறை சொல்றீங்க' கோஷ்டிக்குப் பதில் கிடையாது.

அடுத்த வாரம் போவின் இன்னொரு கதை, அஷர் மாளிகையாம். மாளிகைச் சுவரின் விரிசல் என்றால் குடும்ப வீழ்ச்சி, லேபிள் தயாராக இருக்கும். கூடப்பிறந்தவளை உயிரோடு சவப்பெட்டியில் வைத்து மூடுகிறான் மாளிகைக்காரன் ரோடெரிக். உள்ளே அவள் அசையும் சத்தம் கேட்டும் பல நாள் வாய் திறக்கவில்லை. சரி, அவன் பைத்தியம். பெட்டியின் திருகாணியைக் கூடவே முடுக்கினானே, கதை சொல்லும் அந்தத் தெளிவான நண்பன், அவன் யார்? கடைசியில் ரோடெரிக் 'பைத்தியக்காரா' என்று கத்துவது அவனைப் பார்த்துத்தான். யாராவது இதைக் கேளுங்கள். நான் வரமாட்டேன், லிங்க் அனுப்ப வேண்டாம்.