லோக்கலாம் லோக்கல்!

"உங்களுக்கென்ன கரைச்சல், எல்லாம் லோக்கல்லதானே ஓடுது?"

கொழும்பில ஏசிக்குள்ள இருந்துகொண்டு எங்கட டீம் லீட் கேட்ட கேள்வி இது. லோக்கல் எண்டா சொந்த மெசினிலயே ஓடுறது. நான் இருக்கிறது திருகோணமலை உப்புவெளியில. மூண்டு நாளாக் கச்சான் காத்து விடாமல் அடிக்குது. ஜன்னலைத் திறந்தா வெக்கையும் புழுதியும், பூட்டினா அவியுது. மேசையில இருக்கிற லேப்டொப் அதைவிடச் சூடு. அதுக்குள்ள ஒரு ஜாவா அப்ளிகேஷன், பக்கத்தில போஸ்ட்கிரஸ் எண்ட ஒரு டேட்டாபேஸ், அதுக்குப் பக்கத்தில அமேசன் கிளவுட் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ஒரு எமுலேட்டர், எல்லாம் டொக்கர் கன்டெய்னர், அதாவது ஒரே மெசினுக்குள்ள தனித்தனிப் பெட்டியா ஓடுற புரோகிராம். அம்மா வந்து தொட்டுப் பாத்துட்டு, "இதில தோசை சுடலாம் பிள்ளை" எண்டுட்டுப் போறா.

லோக்கலாம் லோக்கல்! இந்த ஒரு சொல்லை வைச்சு எவ்வளவு காலமா என்னைப் பேய்க்காட்டுறாங்கள் எண்டு இண்டைக்கு எழுதாமல் விடமாட்டன்.

விஷயம் தெரியாத ஆக்களுக்கு: எங்கட அப்ளிகேஷன் உண்மையில ஓடுறது அமேசனின்ட சிங்கப்பூர் டேட்டா சென்டரில. ஃபைல் வைக்க எஸ்3, மெசேஜ் வரிசைக்கு எஸ்.கியூ.எஸ். ஒவ்வொரு சின்ன டெஸ்டுக்கும் அங்க போய் வந்தா பில்லும் ஏறும், நாலு பேர் ஒரே கியூவில கைவைச்சா ஒராளின்ட மெசேஜை மற்றாள் தின்னும். அதுக்காகத்தான் லோக்கல்ஸ்டாக் மாதிரி ஒரு எமுலேட்டரை எங்கட மெசினிலயே ஏத்தி, அமேசனோட கதைக்கிற ஜாவா லைப்ரரியான எஸ்.டி.கே.யிட்ட "அமேசனுக்குப் போகாத, இந்த 4566 போர்ட்டைத் தட்டு" எண்டு எண்ட்பொயின்டை மாத்திக் குடுக்கிறது. சாவி கேட்டா "டெஸ்ட்", ரகசியச் சாவி கேட்டாலும் "டெஸ்ட்". கணக்கு இலக்கம் பன்ரண்டு பூச்சியம். யோசனை நல்லதுதான், நான் அதைப் பழிக்கேல்ல. என்ர எரிச்சல் இதைக் காட்டி "லோக்கல்தானே" எண்டு வாயடைக்கிற ஆக்களோட.

முதல்ல இந்த லோக்கல் என்ர வீட்டுக்கு எப்பிடி வருது? வானத்தில இருந்து விழுதா? கன்டெய்னரை ஓட்டத் தேவையான நூற்றுக்கணக்கான எம்.பி. பொதி, அதாவது இமேஜ், டொக்கர் ஹப் எண்ட இணையக் களஞ்சியத்தில இருந்து இறங்கோணும். எங்கட ப்ரொஜெக்டில ஆரோ ஒரு புண்ணியவான், எந்த இமேஜை ஓட்டுறது எண்டு எழுதி வைக்கிற கம்போஸ் ஃபைலில "லேட்டஸ்ட்" எண்டு எழுதி, கூடவே "புல் ஓல்வேஸ்" எண்டும் போட்டு வைச்சிருக்கிறார். அதாவது ஒவ்வொருக்காத் தொடங்கேக்கயும் வெளியில போய் "புதுசா ஏதும் வந்திருக்கோ" எண்டு கேக்கும், வந்திருந்தா இழுக்கும். கொழும்பு ஃபைபரில அது ஒரு பிளேன் டீ குடிக்கிற நேரம். என்ர டொங்கிளில நைட் டேட்டா தொடங்கிற பன்ரண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து இழுக்கிற தேர். முக்கால்வாசி வந்த லேயர் (இமேஜின்ட ஒரு துண்டு) சிக்னல் போனதும் அறுந்து, திரும்ப முதல்ல இருந்து.

இன்னொரு பகிடி. டொக்கர் ஹப்பில லொகின் பண்ணாமல் இழுக்கிறவைக்கு 2020 நவம்பரில இருந்து ஒரு எல்லை இருக்கு, வழமையா 6 மணித்தியாலத்துக்கு 100 இமேஜ். அதை ஐ.பி. முகவரியை வைச்சுத்தான் எண்ணுறது. மொபைல் நெட்டில ஒரே ஐ.பி.க்குப் பின்னால எத்தினை சனம் இருக்குதோ ஆருக்குத் தெரியும்! நான் அண்டைக்கு இழுத்தது மூண்டே மூண்டு, "டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்" எண்டு முகத்தில அடிச்சுது. லொகின் பண்ணினாச் சரியாம். ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான் ஒராள் அதை வாய் திறந்து சொன்னவர்.

சரி, வந்து சேர்ந்திட்டுது எண்டு வைப்பம். இனி லோக்கல்ஹோஸ்ட் கூத்து. கன்டெய்னருக்குள்ள இருக்கிற ஜாவாவுக்கு லோக்கல்ஹோஸ்ட் எண்டா அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். பக்கத்துக் கன்டெய்னர் அதுக்கு வேற நாடு. ஒரே மெசின், ஒரே மேசை, ஒரே சூடு, ஆனா "கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட்". எஸ்3 இன்னும் ஒரு படி மேல. பக்கெட் எண்ட ஃபைல் கூடையின்ட பெயரைக் கொண்டுபோய் ஹோஸ்ட் பெயருக்கு முன்னால ஒட்டும். அப்பிடி ஒரு முகவரியை என்ர மெசின் பிறந்ததில இருந்து கேள்விப்பட்டதில்ல. பக்கெட் பெயரைப் பின்னால வைக்கிற பாத் ஸ்டைலுக்கு மாத்து எண்டு கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போச்சு.

இதையும் பொறுக்கலாம். கியூவின்ட யூ.ஆர்.எல். கேட்டா எமுலேட்டர் ஒரு பெரிய டொமைன் பெயரைத் தருது. அந்தப் பெயரை வெளியில இருக்கிற, பெயருக்கு விலாசம் சொல்லுற டி.என்.எஸ்.இட்டக் கேட்டா வாற விடை 127.0.0.1. விளங்குதோ? "அது உன்ர வீடுதான்" எண்டு தெரிஞ்சுகொள்ள நான் இன்டர்நெட்டுக்குப் போகோணும். உப்புவெளியில இருந்து அடுத்த ஒழுங்கைக்குப் போக, கொழும்புக்கு ட்ரெயின் பிடிச்சு விலாசம் விசாரிக்கிற மாதிரி. நெட் போன அண்டைக்கு "அன்நோன் ஹோஸ்ட்" எண்டு டெஸ்ட் எல்லாம் சிவப்பு. லீட்டுக்கு ஃபோன் எடுத்தன். "நெட் இல்லாட்டிலும் ஓடுமே, லோக்கல்தானே" எண்டார். கையில இருந்த ஃபோனைக் கடலுக்க எறிஞ்சிருப்பன், இன்னும் தவணை கட்டி முடியேல்ல.

போன கிழமை நடந்ததைச் சொன்னா நீங்களே அழுவீங்கள். சீ ட்ரைவ் சிவப்பு, நாலு ஜி.பி.கூட மிச்சமில்ல. விண்டோஸில டொக்கர், உள்ளுக்க லினக்ஸை ஓட்டுற டபிள்யூ.எஸ்.எல். வழியா ஓடுறது. அது ரம் மெமரியில பாதி வரைக்கும் தன்ர பாட்டில எடுக்கும், டிஸ்கில ஒரு பெரிய ஃபைலைப் போட்டு ஊதிக்கொண்டே போகும். ஆரோ சொன்னாங்கள் எண்டு, பாவிக்காததைத் துப்புரவாக்கிற "ப்ரூன்" கட்டளையை, அதுவும் "எல்லாம்" எண்ட ஆப்ஷனோட அடிச்சன். ஓடாமல் கிடந்த இமேஜ் அத்தனையும் போச்சு. போஸ்ட்கிரஸ், எமுலேட்டர், ஜாவா பேஸ், பத்து இரவு நைட் டேட்டா. சரி, இடமாவது வந்திருக்கும் எண்டு சீ ட்ரைவைப் பாத்தன். அதே நாலு ஜி.பி. அந்த வேர்ச்சுவல் டிஸ்க் ஃபைல் உள்ளுக்கை வெறுமையானாலும் தானாச் சுருங்காதாம், கையால சுருக்கோணுமாம். கூலி வாங்காமல் என்ர வீட்டை நானே இடிச்சுப்போட்டு, கல்லும் மண்ணும் முத்தத்திலயே கிடக்குது.

அடுத்த நாள் லேப்டொப்பைக் காவிக்கொண்டு டவுனுக்கு, ஃபைபர் இருக்கிற சிநேகிதி வீட்டுக்குப் போனன். கேற்றடியில ரெண்டு மான் நிண்டு லஞ்ச் சீற்றைச் சப்பிக்கொண்டிருந்துது. கண்டதையும் தின்னுற கூட்டத்தில நான் மட்டும் இல்ல எண்டு ஒரு ஆறுதல்.

ஆனா இவ்வளவு பாடுபட்டு எல்லாம் பச்சையா வந்தா, அந்தப் பச்சை உண்மையோ? அங்கதான் வயிறு எரியுது. வேஷம் வேஷம்தான். 2025 ஜனவரியில எஸ்.டி.கே. 2.30 வந்து, எஸ்3க்கு ஏத்திற ஃபைலுக்கு செக்சம் (ஃபைல் பழுதாகாமல் வந்துதோ எண்டு பாக்கிற இலக்கம்) சேர்க்கிறதை வழமையாக்கேக்க, எஸ்3 மாதிரி நடிக்கிற எத்தினையோ சேவர் திருதிருவெண்டு முழிச்சுது. அது நடிக்கிறவைக்குத் தெரியாமல் நாடகம் மாறின கதை. எங்களுக்கு நடந்தது அதைவிடக் கேவலம்.

எஸ்.கியூ.எஸ்.இல மெசேஜை வாசிச்சாப் போதாது, வேலை முடிய நாங்களே அழிக்கோணும். அழிக்காட்டி, ஒண்டும் மாத்தி வைக்காட்டி 30 செக்கனில அது திரும்பத் தலைகாட்டும். எங்கட கோட் ஒழுங்கா அழிச்சுது, லோக்கல்ல. உண்மைக் கணக்கில எங்கட அப்ளிகேஷனுக்குக் குடுத்த ரோலுக்கு வாசிக்க அனுமதி இருந்தது, அழிக்க அனுமதி இல்ல. நாங்கள் பாவிச்ச எமுலேட்டரின்ட இலவசப் பதிப்பு ஐ.ஏ.எம்., அதாவது ஆர் என்ன செய்யலாம் எண்ட அனுமதி, ஒண்டும் பாக்கேல்ல. ஆர் வந்தாலும் "வாங்கோ வாங்கோ" எண்டு கதவைத் திறந்து விடும், கலியாண வீடு மாதிரி. இது அவங்கட கையேட்டிலயே கிடந்தது. எங்கட டீமில ஒருத்தரும் வாசிக்கேல்ல, நானும் வாசிக்கேல்ல. வெள்ளிக்கிழமை பின்னேரம் உண்மைக் கணக்கில ஏத்தினம். மெசேஜ் அழியாமல் திரும்பத் திரும்ப வந்துது. ஒரு வாடிக்கையாளருக்கு "உங்கட ஓடர் கிடைச்சது, நன்றி" எண்டு ஒரே மெயில் பதினேழு தரம். பதினேழாவது நன்றிக்கு அந்த மனிசன் எழுதின பதிலை இங்க போடேலாது. திரும்பத் திரும்ப வாற மெசேஜை ஒதுக்கி வைக்கிற டெட் லெட்டர் கியூ ஒண்டு வைச்சிருந்தா நாலைஞ்சோட நிண்டிருக்கும். "பிறகு பாப்பம்" எண்டு தள்ளி வைச்சதும் லீட்தான்.

சனிக்கிழமை காலமை மீட்டிங். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ?

"லோக்கல்ல டெஸ்ட் பண்ணினீங்களா?"

பண்ணினன் ஐயா! கச்சான் காத்துக்குள்ள, பன்ரண்டு மணிக்கு, தோசைக்கல்லு மாதிரி லேப்டொப்பை வைச்சுக்கொண்டு பண்ணினன். அது ஓம் எண்டுதான் சொன்னது. அதுக்கு இல்லையெண்டு சொல்லத் தெரியாது எண்டதுதான் எங்கட பிரச்சினையே! அனுமதி சம்பந்தமான ஒரு பத்து டெஸ்டையாவது உண்மைக் கணக்கில, பிரிச்சு வைச்ச ஒரு இடத்தில ஓட்டுவம் எண்டு மாசி மாசமே கேட்டனான். "செலவு" எண்டார். பதினேழு மெயிலுக்கு மன்னிப்புக் கேட்டு கிளையன்டுக்குக் குடுத்த டிஸ்கவுண்டை எந்தக் கணக்கில எழுதினவையோ தெரியாது.

நேற்று ஒரு வேலை செய்தன். கம்போஸ் ஃபைலில அந்தப் "புல் ஓல்வேஸ்" வரியை அழிச்சு, "லேட்டஸ்ட்" இருந்த இடத்தில ஒரு நிலையான வேர்ஷன் இலக்கத்தைப் போட்டு ரிவியூவுக்கு அனுப்பினன். ரெண்டே ரெண்டு வரி. காலமை எழும்பிப் பாக்க லீட்டின்ட கொமென்ட் வந்திருக்கு:

"இதை ஏன் எடுத்தீங்க? லோக்கல்தானே, டேட்டா போகாதே."