ஜெர்மனியில் வேக வரம்பே இல்லையா?

'ஜெர்மனியில் வேக வரம்பே கிடையாது, ஆனாலும் ஐரோப்பாவிலேயே அங்கேதான் விபத்துச் சாவு குறைவு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பி யாரும் ஆக்சிலரேட்டரை மிதித்துவிடக் கூடாது.

வரம்பில்லாதது பெரும்பாலும் ஆட்டோபான் எனும் அதிவேக நெடுஞ்சாலைகளில்தான், அதிலும் எல்லா இடத்திலும் அல்ல. அங்கேயும் 130 கி.மீ. பரிந்துரை வேகம். அதைத் தாண்டிப்போய் விபத்தானால், தவறு எதிராளியுடையதாக இருந்தாலும் இழப்பீட்டில் ஒரு பங்கு நம் தலையில் விழலாம். ஊருக்குள் பொதுவாக 50தான்.

சரி, சாவுக் கணக்கு? 2022இல் ஜெர்மனியில் சுமார் 2,800 பேர், பிரிட்டனில் சுமார் 1,700 பேர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டாலும் பிரிட்டனில்தான் குறைவு. அங்கே மோட்டார்வே எனும் அதிவேக நெடுஞ்சாலையில் கார்களுக்கு உச்ச வரம்பு 70 மைல், அதாவது ஏறக்குறைய 112 கி.மீ.