பணிப்பாளரை நீக்கினால் பங்கு போய்விடாது

மூன்று பணிப்பாளர்கள் உள்ள கம்பனியில் ஒருவரை நீக்குவது பற்றி, “மற்ற இரண்டு பணிப்பாளர்களும் கையெழுத்திட்டுப் படிவம் 20ஐ அனுப்பினால் போதும், மூன்றாமவருக்குக் கம்பனியில் எதுவுமே இல்லை” என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிவிடாதீர்கள். இது தவறு.

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பணிப்பாளரை நீக்குவது பங்குதாரர்களின் வேலை. அதற்கென்றே கூட்டம் கூட்டி, நோக்கத்தை அறிவித்தலில் எழுதி, சாதாரண தீர்மானம் (எளிய பெரும்பான்மை வாக்கால் எடுக்கும் முடிவு) நிறைவேற்ற வேண்டும். கம்பனியின் அகவிதிகளில், அதாவது அதன் உள் விதிகளில், வேறு ஏற்பாடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். படிவம் 20 நடந்த மாற்றத்தைக் கம்பனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் தாள், அவ்வளவுதான்.

பதவி போனாலும் பங்கு அவருடையதே. பங்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் கைமாற்றுப் பத்திரத்தில் அவர் கையொப்பமிடாமல் சக பணிப்பாளர்கள் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

ஹட்டனில் என் மைத்துனரிடமும் இதே கதையைச் சொல்லித்தான், தொகை எழுதாத கைமாற்றுப் பத்திரத்தை நீட்டினார்கள். பேனாவைத் திறந்துவிட்டார். அக்காதான் தாளைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பெரும்பான்மையினர் நசுக்கினால் அதே சட்டத்தின் 224ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் போகலாம். அதற்குப் பங்கு கையில் இருக்க வேண்டும். சட்டத்தரணியிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.